கொற்கை மீனின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரலுக்குக் கிழக்கே, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே கிடக்கிறது கொற்கை. அந்த ஊரைப் பார்க்க வருகிறவர்கள் முத்தைப் பற்றிக் கேட்பதைவிட மீனைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பாண்டியன் கொடியில் ஏறிய மீன் கொற்கையிலிருந்து போனது என்று பள்ளிக்கூடத்திலோ பட்டிமன்றத்திலோ கேட்டிருப்பார்கள். வந்து பார்த்தால் கடலையே காணோம். அப்புறம் கேள்விகள் வராமல் என்ன செய்யும்? இந்தப் பக்கத்துக்காரன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். வழக்கமாக வரும் கேள்விகள் இவை.

கொற்கை திருநெல்வேலி மாவட்டமா, தூத்துக்குடி மாவட்டமா?

இப்போது தூத்துக்குடி மாவட்டம், ஏரல் வட்டம். 1986-இல் மாவட்டம் பிரியும் வரை எல்லாமே திருநெல்வேலிதான். பேச்சில் இன்றைக்கும் இது நெல்லைச் சீமைதான். நெல்லையிலிருந்து வருவதானால் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாக வரலாம். தூத்துக்குடியிலிருந்து வருகிறவர்கள் திருச்செந்தூர் சாலையில் பழையகாயலைத் தாண்டி முக்காணிப் பக்கம் வந்துவிட்டு விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

கடலே இல்லாத ஊர் எப்படித் துறைமுகமாக இருந்தது?

தாமிரபரணிதான் காரணம். ஊரை வாழவைத்ததும் அந்த ஆறுதான், துறையைத் தூர்த்ததும் அதுதான். மலையிலிருந்து அடித்துக்கொண்டு வரும் வண்டலை முகத்துவாரத்தில் கொட்டிக் கொட்டி, கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போய்விட்டது. இன்று கடல் ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால். பொதிகையில் மழை பிடித்தால் இந்த ஆறு என்ன செய்யும் என்று தெரியாதவர்கள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வெள்ளங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தால் ஒரு துறைமுகம் என்னத்துக்கு ஆகும்?

கொற்கை துறைமுகமாக இருந்ததற்கு வெளியூர்க்காரர்களே சாட்சி. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு இந்த ஊரைக் 'கொல்கொய்' என்கிறது. இங்கே முத்துக் குளிப்பு நடந்தது, அது பாண்டியனுக்குச் சொந்தம், கடலில் மூழ்கியவர்கள் தண்டனைக் கைதிகள் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமியும் இந்த ஊரைக் குறிக்கிறார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-இல் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 அளவில் வந்தது. 2021-இல் மறுபடியும் தோண்டினார்கள். செங்கல் கட்டுமானங்கள் வெளியே வந்தன.

கொற்கைத் துறை மண்ணேறியதும் வியாபாரம் கிழக்கே நகர்ந்து காயலுக்குப் போனது. இன்றைய பழையகாயல் பக்கம் அது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து இறங்கியதும், அரபு நாட்டுக் குதிரைகள் வந்து குவிந்ததைக் கண்டதும் அந்தக் காயலில்தான். அதுவும் தூர்ந்தது. பிறகு போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல், அதன் பின் தூத்துக்குடி. ஒரே துறைமுகம்தான் மூன்று முறை வீடு மாறியிருக்கிறது என்று நான் சொல்வேன்.

மீனைச் சின்னமாக வைத்தது கொற்கையா, மதுரையா?

எல்லாரும் ஒரே வரியில் பதில் கேட்கும் கேள்வி இது. இந்த அரசன் இந்த நாளில் மீனைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் காசு. அதை வைத்துத்தான் பேச வேண்டும்.

சங்ககாலப் பாண்டியர் வெளியிட்ட செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுரமானவை. ஒரு பக்கம் யானை நிற்கும், மேலே சில மங்கலச் சின்னங்கள் இருக்கும். மறுபக்கம் மீன். மீன் என்றால் செதிலும் கண்ணுமாக வரைந்த மீன் இல்லை. நாலைந்து கோடுகளைக் கோணலாகச் சேர்த்துப் போட்ட வடிவம். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஏதோ கணக்குப் பாடத்துப் படம் மாதிரி தெரியும். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பேர் பொறித்த காசு 1980-களில் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் யானைக்குப் பதில் குதிரை. ஆனால் பின்பக்கத்து மீன் மாறவில்லை. அந்த ஒரு காசுதான் இந்த மீன் யாருடையது என்ற வழக்கைத் தீர்த்துவைத்தது. வழுதி என்பது பாண்டியர் பேர். பேரும் மீனும் ஒரே காசில் இருந்தால் வேறு என்ன ஆதாரம் வேண்டும்? அதற்கும் முந்தைய வெள்ளி முத்திரைக் காசுகளிலும் இதே கோட்டு மீன் இருக்கிறது. போடிநாயக்கனூரில் கிடைத்த குவியல் அதற்குப் பேர்போனது.

சரி, இந்தக் காசெல்லாம் அதிகம் கிடைப்பது மதுரைப் பக்கம் வைகை மணலில் என்பதால் மீனும் மதுரைதான் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டேன். காசு கிடைக்கும் இடம் என்பது காசு செலவான இடம். அரசனும் படையும் இருந்த தலைநகரில் காசு சிந்திக் கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. காசாகப் பணம் புரண்டது எதனால் என்று கேட்டால் விரல் கொற்கைப் பக்கம்தான் திரும்பும். ரோமாபுரி வரைக்கும் போன முத்து இந்தத் துறையின் முத்து. பட்டத்துக்கு வரப்போகிறவனைக் கொற்கையில் வைத்து ஆளச்சொல்லும் வழக்கமும் பாண்டியருக்கு இருந்தது. கண்ணகி கதையில் நெடுஞ்செழியன் இறந்தபோது கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன்தான் அடுத்துப் பட்டத்துக்கு வருகிறான். இன்னொன்றும் உண்டு. கொற்கையில் ஒரு சிறு கோயிலுக்கு அக்கசாலை என்றே பேர், அதாவது காசு அடிக்கும் கூடம். கோயில் காசைவிடப் பல நூற்றாண்டு பிந்தியதுதான். ஆனாலும் அந்தப் பேர் சும்மா ஒட்டிக்கொண்டிருக்காது.

ஆக, சின்னத்தை அரண்மனையில் வைத்து முடிவு செய்திருக்கலாம். அதற்கு ஊற்று இந்தத் துறைதான் என்பதில் என் மனம் சாய்கிறது.

அது என்ன மீன்? கடல் மீன்தானே?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். துறைமுகம், முத்து, பரதவர் என்று கேட்டுவிட்டு, கொடியில் இருப்பது ஏதோ சீலா மீனோ பாரை மீனோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டும் கல்வெட்டும் சொல்வது கயல். கயல் கடல் மீன் அல்ல. வயலிலும் வாய்க்காலிலும் குளத்திலும் துள்ளும் நன்னீர் மீன். இன்றைக்கு நாம் கெண்டை என்று சொல்லும் வகை. பெண்களின் கண்ணுக்கு உவமை சொல்ல வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கயலைப் பிடித்ததும், அது ஊர்க் குளத்தில் தினமும் கண்ணில் படும் மீன் என்பதால்தான்.

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. கடலாண்ட பாண்டியனுக்குக் குளத்து மீனா என்று. எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. கொற்கை வெறும் கடற்கரை ஊர் இல்லை. ஆறு வந்து விழும் ஊர். மேற்கே பார்த்தால் நெல்லும் கெண்டையும், கிழக்கே பார்த்தால் சிப்பியும் சங்கும். பாண்டியனுக்கு வேண்டியது இரண்டும்தான். முத்து காசைத் தந்தது, நெல் சோற்றைத் தந்தது. இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு பிராணியைச் சொல்லச் சொன்னால் மீனை விட்டால் வேறு எது?

காசில் உள்ள கோட்டு மீனைப் பார்த்து இன்ன வகை என்று சொல்லவே முடியாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கயல் என்பது பாட்டு தரும் சாட்சி.

ஒரு மீனா, இரண்டு மீனா? நடுவில் நிற்கும் கம்பு என்ன?

பழைய காசில் ஒன்று. பிற்காலப் பாண்டியர் காலத்தில், அதாவது 13-ஆம் நூற்றாண்டில், இரட்டை மீன் பரவலாகிவிட்டது. சோழநாட்டை வென்ற மாறவர்மன் சுந்தரபாண்டியனின் 'சோணாடு கொண்டான்' காசு, 'எல்லாந் தலையானான்' என்று பேர் பொறித்த காசு போன்ற அந்தக் காலத்துப் பாண்டியர் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மீன் கிடையாகவும் நிமிர்ந்தும், தனியாகவும் ஜோடியாகவும் விதவிதமாக வருகிறது. ஒரே அச்சுப்போல எல்லாவற்றிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இலங்கைமேல் படையெடுத்த ஜடாவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் இரு கயல் பொறித்ததாகக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. திருகோணமலைக் கோட்டை வாசலில் கல்லில் வெட்டிய இரட்டை மீனை இன்றைக்கும் பார்க்கலாம்.

நடுவில் நிற்பது செண்டு. மேல்முனை வளைந்த கோல். உக்கிரகுமார பாண்டியனுக்குச் சிவபெருமான் வேல், வளை, செண்டு மூன்றையும் கொடுத்தார், வேலால் கடல் வற்றியது, வளையால் இந்திரன் முடி சிதறியது, செண்டால் மேருமலை அடிவாங்கியது என்று மதுரைத் திருவிளையாடல் கதை. செண்டுக்கு அரச அதிகாரம் என்ற பொருளைத்தான் அந்தக் கதை சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மீனாட்சி அம்மன் பேரால்தான் மீன் வந்ததா?

இல்லை. காலக்கணக்கு ஒத்துவராது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மதுரை அம்மனை அங்கயற்கண்ணி என்று பாடுகிறார். மீன் பொறித்த காசுகள் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவை. மீன் கொடி பறந்த நகரத்து அம்மனுக்குக் கயல் கண் அமைந்தது பொருத்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். மதுரைக்காரர்கள் மீனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அங்கே ரயில் நிலைய வாசலில் இருந்த மூன்று மீன் சிலையை வேலைக்காக எடுத்துவிட்டார்கள் என்று நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில். பாண்டியன் மட்டும் ஏன் இப்படிச் சாதுவான மீனை வைத்தான்?

சின்னம் என்றால் பயமுறுத்த வேண்டும் என்று யார் சொன்னது? தன் வருமானத்தைச் சின்னமாக வைத்தவன் விவரமானவன் என்பது என் கட்சி. ஆனால் புலி மீனைச் சும்மா விடவில்லை என்பதும் உண்மை. பாண்டிநாட்டைப் பிடித்த பிறகு சோழர் முத்திரையில் புலி நடுநாயகமாக உட்கார்ந்துகொண்டது. பக்கத்திலேயே இரட்டை மீன், கூடவே வில். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் இதைப் பார்க்கலாம். பாண்டிநாட்டுக்கு ராஜராஜ மண்டலம் என்று பேரும் வைத்தார்கள். சோழர் ஓய்ந்து பாண்டியர் எழுந்தபோது மீன் சோழநாட்டுக்குள்ளேயே போனது, அது 13-ஆம் நூற்றாண்டின் கதை.

சேரன், சோழன், பாண்டியன் மூவரும் கொற்கையில் பிறந்த அண்ணன் தம்பிகளாமே?

அப்படி ஒரு வாய்மொழிக் கதை இந்தப் பக்கத்தில் நெடுநாளாக உண்டு. மூவரும் கொற்கையில் ஒன்றாக இருந்து ஆண்டார்கள், பிறகு பிரிந்தார்கள், பாண்டியன் மட்டும் இங்கேயே தங்கிவிட்டான் என்பது கதை. இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இதை எழுதிவைத்திருக்கிறார். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தவர் அவர். கிரேக்கர் சொன்ன கொல்கொய் இதுதான் என்று ஊரறியச் சொன்னவரும் அவர்தான். கதை வரலாறு இல்லை. ஆனால் இவ்வளவு சின்ன ஊர் தன்னை மூன்று முடிகளுக்கும் தாய்வீடு என்று சொல்லிக்கொள்கிறது பாருங்கள், அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

மீன் எங்கள் சமூகத்துச் சின்னம் என்று பலர் சொல்கிறார்களே, யார் சொல்வது சரி?

கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள் பரதவர். அவர்களின் சாதித் தலைவருக்குத் தூத்துக்குடியில் பாண்டியபதி என்றே பட்டம் இருந்தது. அந்த உரிமைப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு என்பதை மறுக்க முடியாது. மற்றவர்களும் தங்கள் தங்கள் வழியில் பாண்டியரோடு உறவு சொல்கிறார்கள். சுவரொட்டிகளில் மீன் படும் பாட்டைப் பார்த்தால், பாண்டியன் இருந்திருந்தால் சின்னத்தையே மாற்றியிருப்பான் என்று தோன்றும். இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்கிற வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை. அரசு காசில் அடித்த சின்னம் அது, அந்தக் காசை எல்லாரும்தான் செலவழித்தார்கள்.

கோயில் கூரையில் மீன் இருந்தால் பாண்டியன் கட்டியதா? கீழே புதையல் இருக்குமா?

முதல் கேள்விக்கு: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நெல்லைச் சீமையில் பழைய கோயில் எதற்குள் போனாலும் நிமிர்ந்து விதானக் கல்லைப் பாருங்கள். மீன் தென்பட வாய்ப்பு அதிகம். ஆனால் கல்தச்சர்கள் அழகுக்காகவும் மீனைச் செதுக்கியிருக்கிறார்கள். மங்கலச் சின்னங்களில் மீனும் ஒன்று. பாண்டியருக்குப் பின் வந்தவர்களின் வேலையிலும் மீன் உண்டு. இரண்டு மீன், நடுவே செண்டு என்று மூன்றும் சேர்ந்திருந்தால் அரச முத்திரை என்று நினைக்க இடமிருக்கிறது. அப்போதும் பக்கத்துக் கல்வெட்டில் அரசன் பேரைப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு: இருக்காது. மீன் பார்க்கும் திசையில் தோண்டினால் பொன் கிடைக்கும் என்ற பேச்சை நம்பிக் கல்லைப் பெயர்த்த கூட்டத்தால் நாசமான இடங்கள்தான் மிச்சம்.

மீனைக் கொடியில் வைத்தவர்கள் மீன் சாப்பிட்டார்களா?

சாப்பிடக்கூடாது என்ற விலக்கு எந்தப் பாட்டிலும் கல்வெட்டிலும் கிடையாது. கடலும் ஆறும் பக்கத்தில் இருக்கிற ஊரில் மீன் இல்லாமல் சோறு இறங்குமா?

முத்துக் குளிப்பு இன்னும் நடக்கிறதா?

இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு சிப்பிப் படுகைகள் பழையபடி தேறவே இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா.

கொற்கைக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

பெரிய கோட்டை, கொடிமரம், மீன் சிற்பம் என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். அகன்று கிடக்கும் குளம் இருக்கிறது. அங்கே வெற்றிவேல் செழியநங்கை அம்மன் கோயில், ஊர்க்காரர்கள் கண்ணகியோடு சேர்த்துச் சொல்லும் கோயில். மேலே சொன்ன அக்கசாலைக் கோயில் உண்டு. தரையோடு சாய்ந்து படர்ந்து கிடக்கும் கிழட்டு வன்னிமரத்தையும் பாருங்கள். இரண்டாயிரம் வருஷம் என்பார்கள். வயதைப் பற்றி வாதாட வேண்டாம், மரம் பார்க்க வேண்டிய மரம்தான். வெயில் ஏறுமுன் போவது நல்லது. அகழாய்வுக் குழிகளைத் தேடாதீர்கள், வேலை முடிந்ததும் மூடிவிடுவார்கள். ஏரலில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வெற்றிலை போடுகிறவர்களாக இருந்தால் ஆத்தூர் வெற்றிலை பக்கத்திலேயே கிடைக்கும், புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. தோண்டி எடுத்த பொருட்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நெல்லை ரெட்டியார்பட்டியில் கொற்கை, சிவகளை, ஆதிச்சநல்லூர்ப் பொருட்களுக்காக அமைத்திருக்கும் பொருநை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

வயலில் கிணறு வெட்டும்போது மீன் பொறித்த காசு கிடைத்தால் நாமே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கம் தோண்டினால் சங்கும் சிப்பியும் வருவது சகஜம், அதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. காசு, சிலை, நகை என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாயை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், ஆக எந்தக் காசும் தப்பாது. விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும், அவர்கள் மேலே அனுப்புவார்கள். அதுவரை புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பச்சைக் களிம்போடு சேர்ந்து மீனின் கோடும் போய்விடும். எந்தச் சர்வே எண், எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் இடத்தை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள்.